கொடைக்கானல்: கார் ஜன்னலில் தெரியாத மலை

கொடைக்கானல் ஏரி மனிதர்கள் வெட்டி உருவாக்கியது. அதைச் சுற்றிவருகிற பலருக்கும் இந்தச் செய்தி தெரியாது. மதுரை கலெக்டராக இருந்த வியர் ஹென்றி லெவிஞ்ச் 1863-ல் இங்கிருந்த சதுப்பு நிலத்தில் ஓடிய ஓடைகளை மறித்துக் கரை கட்டினார். அப்படித் தேங்கிய தண்ணீர்தான் இன்று நாம் பார்க்கும் 60 ஏக்கர் ஏரி. ஏரியில் விட்ட முதல் படகு தூத்துக்குடியிலிருந்து மலையேறி வந்தது. அந்தப் படகையும் ஆட்கள்தான் தூக்கிக்கொண்டு வந்திருக்க வேண்டும், ஏனென்றால் வண்டி போகும் மலைச்சாலை அப்போது கிடையாது.

இப்போது கொடைக்கானல் போய்வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி போய்வருகிறார்கள். வேனில் ஏறி, தூண் பாறையில் இறங்கி, படம் எடுத்து, மறுபடி ஏறி, குணா குகை, பைன் காடு, மோயர் பாயிண்ட். ஒவ்வோர் இடத்திலும் பத்து நிமிடம் இறங்கி நிற்கிறார்கள், மீதி நேரமெல்லாம் வாகன வரிசையில் போகிறது. ஊர் திரும்பியபின், என்ன பார்த்தோம் என்று கேட்டால் "கூட்டம்" என்பதே முதல் பதிலாக வருகிறது. மலையின் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அதைப் பார்க்கிற வேகத்தில்தான் கோளாறு. ஒரு சைக்கிளும் நல்ல செருப்பும் இருந்தால் போதும், இதே ஊரில் வேறொரு மலை இருப்பது தெரியும்.

ஏரிக்கரையில் காலை

ஏரியைச் சுற்றிய சாலை சுமார் ஐந்து கிலோமீட்டர். ஏரி நட்சத்திர வடிவில் கைகளை விரித்துக் கிடப்பதால் சாலை நேராக ஓடாது, ஒவ்வொரு கையாக உள்ளே நுழைந்து வெளியே வரும். வாடகை சைக்கிள்கள் படகுத்துறை அருகே வரிசையாக நிற்கும். மணிக்கணக்கில் வாடகை. இருவர் சேர்ந்து மிதிக்கும் நீள சைக்கிளும் கிடைக்கும், ஆனால் முதல்முறை வருகிறவர்கள் அதைத் தவிர்ப்பது நல்லது. வளைவுகளில் இருவரும் இரண்டு திசைக்கு இழுப்பார்கள். எடுக்கும்போதே பிரேக்கை அழுத்திப் பாருங்கள், கடைக்காரரும் அதைத்தான் சொல்வார்: "சீட்டு உயரம் அப்புறம் பாத்துக்கலாம்ணே, பிரேக்க பாருங்க."

காலை ஆறரைக்கும் எட்டுக்கும் இடையில் போக வேண்டும். ஒன்பதைத் தாண்டிவிட்டால் குதிரைகளும் கார்களும் சோளக்கருது வண்டிகளும் சாலையைப் பிடித்துக்கொள்ளும். காலையில் ஏரியின் மேல் பனிமூட்டம் ஒரு முழ உயரத்துக்கு மட்டும் நிற்கும். அதன் மேலே கரை மரங்கள் தெளிவாகத் தெரியும், கீழே தண்ணீர் தெரியாது. வெயில் ஏறியதும் மூட்டம் ஓரத்திலிருந்து பிய்ந்து போகத் தொடங்கும். ஏரியின் குறுகிய கைகளில்தான் முதலில் விலகும், நடுப்பகுதியில் கடைசியில். சைக்கிளை ஓரங்கட்டி நின்று பார்த்தால் பதினைந்து நிமிடத்தில் முழு ஏரியும் திறப்பதைக் காணலாம்.

ஏரிக்கு ஒரு வடிகாலும் இருக்கிறது. இதன் உபரி நீர் ஓடையாகப் போய், காட் ரோட்டில் கொடைக்கானலுக்கு எட்டு கிலோமீட்டர் முன்னால் வெள்ளி நீர்வீழ்ச்சியாக விழுகிறது. மலையேறி வருகிற ஒவ்வொரு வாகனமும் அங்கே நின்றுதான் வருகிறது. விழுவது ஏரித் தண்ணீர் என்பதும், ஏரியில் கலக்கும் கழிவு அங்கேயும் இறங்கும் என்பதும் நினைவில் இருந்தால், ஏரிக்கரையில் ஒரு பிளாஸ்டிக் கவரைப் போட யாருக்கும் கை வராது.

கொஞ்சம் மூச்சுப் பயிற்சி வேண்டும் என்பவர்கள் ஏரியை முடித்துவிட்டு வானாய்வு மையச் சாலையில் ஏறிப் பார்க்கலாம். ஏற்றம் கடுமையானது, பாதித் தூரம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டியிருக்கும். 1899-ல் தொடங்கப்பட்ட இந்தச் சூரிய ஆய்வகத்தில்தான் ஜான் எவர்ஷெட் 1909-ல், சூரியப் புள்ளிகளில் வாயு ஆரத்திசையில் வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டுபிடித்தார். இன்றும் உலகம் அதை எவர்ஷெட் விளைவு என்றே சொல்கிறது. தூய்மையான மலைக்காற்றைத் தேடி வந்தவர்களில் விஞ்ஞானிகளும் உண்டு.

சோலை எது, தோட்டம் எது

கால்நடையாகப் போகிறவருக்கு மட்டும் புரிகிற ஒரு செய்தி உண்டு. இந்த மலையில் நாம் காடு என்று நினைப்பதில் பெரும்பகுதி நட்டு வளர்த்தது.

பழநி மலையின் உண்மையான முகம் புல்வெளியும் சோலையும்தான். மேட்டுச் சரிவெல்லாம் புல், மலை மடிப்புகளில் ஓடைகளை ஒட்டிச் சோலை. பனியும் காற்றும் கடுமையாக அடிக்கும் திறந்த மேட்டில் மரக்கன்று பிழைப்பது கடினம், ஆனால் புல் பிழைக்கும். மடிப்புக்குள் ஈரமும் காப்பும் இருப்பதால் அங்கே மரங்கள் நின்றன. மழைநீரைப் புல்வெளி வாங்கி மெல்ல மெல்லச் சோலைக்குக் கசியவிட்டது, சோலை அதை ஓடைக்கு விட்டது. கோடையிலும் ஓடை வற்றாததற்கு இந்த ஏற்பாடே காரணம்.

ஆங்கிலேயர் காலத்தில் இந்தப் புல்வெளிகளைத் "தரிசு" என்று கணக்கில் எழுதினார்கள். தோல் பதனிடப் பட்டை கிடைக்கும் என்று ஆஸ்திரேலியாவிலிருந்து வாட்டில் மரம் வந்தது, விறகுக்கு யூகலிப்டஸ் வந்தது, பிறகு பைன் வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகும் காகிதக் கூழ், செயற்கை இழை ஆலைகளின் தேவைக்காக நடவு தொடர்ந்தது. பழநி மலையின் மேட்டுப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு நாற்பதாண்டுகளில் மறைந்துவிட்டது என்று செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2018-ல் சொன்னது. அதே ஆய்வில் மரத்தோட்டங்களும் விவசாயமும்தான் காரணங்களாகக் காட்டப்பட்டன. கார் ஜன்னல் வழியாகப் பார்த்தால் இவ்வளவும் "பசுமை" என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடும்.

பைன் தோட்டத்துக்குள் நடந்து பாருங்கள். மரங்கள் வரிசையில் நிற்கும், எல்லாம் ஒரே வயது, ஒரே பருமன். தரையில் ஊசி இலைகள் விரல் ஆழத்துக்குப் படிந்திருக்கும், மிதித்தால் வழுக்கும். பெரும்பாலான இடங்களில் கீழே வேறு செடியே இருக்காது. பறவைச் சத்தமும் மிகக் குறைவு. பார்வைக்கு அழகான இடம்தான், சினிமாப் பாட்டுக்காரர்கள் அங்கே வருவதில் ஆச்சரியமில்லை.

அங்கிருந்து வட்டக்கானல் பக்கம் பாம்பார் சோலைக்குள் இறங்குங்கள். முதல் பத்தடியிலேயே வெளிச்சம் குறைந்துவிடும். மரங்கள் உயரமில்லாமல் முறுக்கிக்கொண்டு நிற்கும், ஒரே கையகல இடத்தில் பத்து வகை இலை தென்படும். ஒரு மரத்தின் அடித்தண்டை உற்றுப் பாருங்கள்: முழங்கால் வரைக்கும் பாசி, அதன் மேல் சின்னச் சின்னப் பெரணி, அதற்கும் மேலே கிளைக் கவட்டில் ஆர்க்கிட் கொத்து, பட்டை வெடிப்புக்குள் எறும்புச் சாரை. பாசியில் விரலை அழுத்தினால் மழை பெய்து இரண்டு நாள் ஆனபின்னும் தண்ணீர் கசியும். நீர் எங்கே சேமிக்கப்படுகிறது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

பொறுமையாக நின்றால் பழநிச் சிரிப்பான் குருவியின் கீச்சொலி கேட்கும். உலகத்திலேயே மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதி உச்சிகளில் மட்டும் வாழ்கிற பறவை இது. இதன் அறிவியல் பெயரில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கு இருந்து பறவைகளைச் சேகரித்த ஃபேர்பேங்க் என்ற அமெரிக்க மிஷனரியின் பெயர் இருக்கிறது. கொப்புகளுக்கிடையே மலை அணிலும், தொலைவில் கருமந்தியும் உண்டு. மழைக்காலத்தில் அட்டை கணுக்காலில் ஏறும். உப்புப் பொட்டலம் ஒன்று பையில் இருக்கட்டும், பிய்த்து எடுக்காதீர்கள்.

பாம்பாரைப் பற்றிப் பேசும்போது ஒன்றை விட்டுவிட முடியாது. இந்தச் சோலைக்கு மேலே உள்ள மேட்டில் 1983-ல் தொடங்கி 2001-ல் மூடப்பட்ட தெர்மாமீட்டர் தொழிற்சாலை இருந்தது. அங்கிருந்து பாதரசக் கழிவு வெளியேறிய விவகாரம் பல ஆண்டு போராட்டமாக நடந்தது, தொழிலாளர்களுக்கான உடன்பாடு 2016-ல்தான் ஏற்பட்டது. மேலே கொட்டியது சோலை வழியாகக் கீழே வரும், கீழே வைகைப் பாசனத்தில் விவசாயிகள் இருக்கிறார்கள். மலையில் எதைப் போட்டாலும் அது அங்கேயே நின்றுவிடுவதில்லை.

நல்ல செய்தி ஒன்றும் உண்டு. வட்டக்கானல் பகுதியில் சோலை மீட்புக்குப் பல ஆண்டு உழைத்தவர்கள், பழைய மரத்தோட்டங்களின் நிழலுக்குக் கீழே சோலை மரக்கன்றுகள் தாமாகவே முளைத்து எழுவதைக் கண்டிருக்கிறார்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் வெட்டித் தள்ளுவதைவிட, அந்தக் கன்றுகளைக் காத்துப் பொறுமையாக இடம் மாற்றுவதே பலன் தரும் என்பது அவர்கள் அனுபவம். அந்தப் பக்கம் நடந்தால் வாட்டில் மரத்தடியில் முழங்கால் உயரச் சோலைக்கன்றுகளை நீங்களே பார்க்கலாம். காலை எங்கே வைக்கிறீர்கள் என்று பார்த்து நடங்கள்.

வெள்ளகவி வழி

1914 வாக்கில் காட் ரோடு வரும்வரை கொடைக்கானலுக்கு எல்லோரும் நடந்தோ குதிரையிலோதான் ஏறினார்கள், அல்லது டோலியில் சுமந்து ஏற்றப்பட்டார்கள். மதுரைச் சமவெளியின் வெயிலும் காலராவும் தாங்காமல் 1845-ல் இங்கே இரண்டு பங்களா கட்டிக் குடியேறிய அமெரிக்க மிஷனரிகளும் அப்படித்தான் வந்தார்கள். பெரியகுளத்துப் பக்கம் மலையடிவாரத்தில் இரவு தங்கி, விடியுமுன் புறப்பட்டு, கும்பக்கரை மேலே வெள்ளகவி வழியாக ஏறுவது பழைய பாதை. அதில் ஒரு பகுதியில் இன்றும் நடக்கலாம்.

வட்டக்கானலிலிருந்து டால்பின் நோஸ் வரைக்கும் கூட்டம் வரும். பாறை நுனியில் நின்று படமெடுத்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். அதைத் தாண்டிக் கீழே போகிற ஒற்றையடிப் பாதைதான் வெள்ளகவிக்குப் போகிறது. வண்டி நுழைய முடியாமல் நெடுங்காலம் நடந்தே போய்ச்சேர வேண்டியிருந்த ஊர் அது. அரிசி, சிமெண்ட், கேஸ் சிலிண்டர் எல்லாம் குதிரை முதுகிலோ ஆள் தோளிலோதான் போயின. காபி, பட்டர் ஃப்ரூட், ஆரஞ்சு ஆகியவை அதே வழியில் மேலே வந்தன. ஊருக்குள் செருப்பு போட மாட்டார்கள். எல்லையிலேயே கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும், வெளியூர்க்காரர்களும்தான். கல் பாதையில் வெறுங்காலுடன் போவது சங்கடமாக இருந்தாலும் அது அந்த ஊரின் வழக்கம். கோயில்களுக்கு நடுவே வீடுகள் இருப்பதால் ஊரே சன்னதி என்பது அவர்கள் எண்ணம். நாம் போய்த் தேநீர் வாங்கிக் குடித்து, அவர்கள் திண்ணையில் ஓய்வெடுக்கிறோம் என்றால் அந்த மரியாதை நம் கடமை.

இறக்கம் சுலபம் என்று எண்ணிப் புறப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மேலிருந்து கும்பக்கரை வரைக்கும் உயரம் ஆயிரத்து ஐநூறு மீட்டருக்கு மேல் இறங்குகிறது. முழங்கால்தான் முதலில் முறையிடும். கையில் ஒரு தடி, குறைந்தது இரண்டு லிட்டர் தண்ணீர், வனத்துறை அனுமதி, உள்ளூர் வழிகாட்டி, இவை இல்லாமல் அந்த வழியில் போகாதீர்கள். இறங்க இறங்கச் சட்டையின் மேல் போட்ட ஸ்வெட்டரை முதலில் கழற்றுவீர்கள், அடுத்து முதுகில் வியர்வை ஊறும். மேலே பாசி படிந்த சோலை, நடுவே காபித் தோட்டம், அடியில் வெக்கையான முள்காடு என்று அரை நாளில் மூன்று வகை நிலம் காலடியில் மாறும். பேருந்தில் மூன்று மணி நேரம் தூங்கிக்கொண்டு வருகிறவருக்கு இது தெரியாது.

பூம்பாறை, மன்னவனூர்: சைக்கிளுக்கு ஏற்ற சாலை

பேரிஜம் ஏரிக்குப் போகவே எல்லோரும் ஆசைப்படுவார்கள். ஊரிலிருந்து 23 கிலோமீட்டர், காட்டுக்குள் உள்ள நன்னீர் ஏரி, பெரியகுளத்துக்குக் குடிநீர் தருவது. வனத்துறை அனுமதி இல்லாமல் மோயர் பாயிண்டைத் தாண்ட முடியாது. யானைகள் ஏரிக்கரையில் முகாமிட்டால் அன்றைக்குச் சுற்றுலாப் பயணிகளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். திரும்பி வந்தவர்கள் முகம் சுளிப்பதைப் பார்த்திருக்கிறேன். யானைகள் அங்கே நிம்மதியாகத் தண்ணீர் குடிக்கின்றன என்பதே அந்தக் காடு உயிரோடு இருப்பதற்குச் சாட்சி.

சைக்கிள் ஓட்டத் தெரிந்தவர்களுக்கு நான் சொல்வது வேறு பாதை. பூம்பாறை வழி மன்னவனூர். கொடைக்கானலிலிருந்து பூம்பாறை சுமார் 18 கிலோமீட்டர், மன்னவனூர் மொத்தம் 35 கிலோமீட்டர் அளவு. பைன் தோட்டங்களுக்கு நடுவே இறங்கிப் போகும் சாலை, ஒரு வளைவில் திடீரென்று திறந்து, கீழே பூம்பாறைப் படிக்கட்டு வயல்கள் தெரியும். பூண்டு, கேரட், பீன்ஸ், உருளை என்று ஒவ்வொரு படியும் ஒரு நிறம். கொடைக்கானல் மலைப்பூண்டு 2019-ல் புவிசார் குறியீடு பெற்றது. அறுவடைக் காலத்தில் வீட்டு வாசல்களில் கட்டுக்கட்டாகத் தொங்கவிட்டிருப்பார்கள், தெருவே பூண்டு மணக்கும். குழந்தை வேலப்பர் கோயிலுக்குப் போகிற கல்படி வீதியில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனால் நிழலில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் "எந்தூருப்பா?" என்று கேட்காமல் விடமாட்டார்கள். நின்று பதில் சொல்லுங்கள். பெரும்பாலும் ஒரு டம்ளர் காபி வரும்.

பூம்பாறைக்கு அப்பால் வாகனங்கள் குறைந்துவிடும். மன்னவனூரில் புல்வெளியின் நடுவே ஏரி, சூழல் சுற்றுலாவாகப் பரிசல் ஓட்டுகிறார்கள். பக்கத்திலேயே மத்திய செம்மறியாட்டு ஆராய்ச்சி நிலையம். கம்பளி ஆடுகள் சரிவில் மேய்வதைத் தொலைவிலிருந்து பார்க்கலாம். நான் மேலே சொன்ன பழைய புல்வெளி எப்படி இருந்திருக்கும் என்று கற்பனை செய்ய இங்கேதான் ஓரளவு முடிகிறது. திறந்த மேடு, காற்று, மடிப்பில் ஒரு கருநீலச் சோலைத் துண்டு. வந்த வழியே திரும்புவதென்றால் ஏற்றம் அதிகம், மதியத்துக்கு முன் புறப்பட்டுவிடுங்கள். மாலையில் மூடுபனி சாலையில் இறங்கினால் எதிரே வருகிற லாரி பத்தடி தூரத்தில்தான் தெரியும். முன் விளக்கும், பின்னால் சிவப்பு விளக்கும், பளிச்சென்ற மேல்சட்டையும் கட்டாயம்.

ஊருக்குள்ளேயும் சாலையிலும் காட்டுமாடுகள் நிற்கும். ஒரு டன் வரை எடையுள்ள விலங்கு. சைக்கிளை நிறுத்தி, பின்வாங்கி, வழிவிடுங்கள். பக்கத்தில் போய் செல்ஃபி எடுக்கிற தைரியத்துக்கு மலையில் இடமில்லை.

குரங்கணிக்குப் பிறகு

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத் தீயில் சிக்கி மலையேற்றக்காரர்கள் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலும் இளைஞர்கள். காய்ந்த புல் நின்ற காலம், சரிவு, காற்று, ஓட வழியில்லாத பாறை, எல்லாம் சேர்ந்து வந்த சாவு. அந்தக் குடும்பங்களின் துயரத்தை நினைக்காமல் தமிழ்நாட்டில் யாரும் மலைநடை பற்றி எழுதக் கூடாது. அதன் பிறகே மலையேற்றத்துக்கு முறையான விதிகள் வந்தன. அனுமதி, வழிகாட்டி, தீப்பருவத்தில் பாதைகளை மூடுவது, எல்லாமே அந்த உயிர்களின் விலையில் வந்தவை. "கொஞ்ச தூரம்தானே" என்று யாராவது உங்களைக் காட்டுக்குள் கூப்பிட்டால் மறுத்துவிடுங்கள்.

2024 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் 14 மாவட்டங்களில் 40 பாதைகள் இணையத்தில் பதிவுசெய்து நடக்கும்படி திறக்கப்பட்டன. வழிகாட்டிகளாக மலைவாழ் இளைஞர்களும் உள்ளூர் மக்களும் பயிற்சி பெற்று வேலை செய்கிறார்கள். இது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. காட்டை அதிகம் அறிந்தவர்களுக்கு அந்த அறிவே வருமானமாகிறது, நடக்க வருகிறவர்களுக்குப் பாதுகாப்பும் கிடைக்கிறது. மார்ச், ஏப்ரலில் காடு காய்ந்து கிடக்கும், அப்போது ஏரிக்கரையும் தார்ச்சாலையும் போதும். மழை ஓய்ந்த டிசம்பர் பாதியிலிருந்து ஜனவரி முடிய நடைக்கு ஏற்ற காலம். பகலில் வானம் தெளிவாக இருக்கும், இரவில் நல்ல குளிர் அடிக்கும், புல்மேட்டில் உறைபனி படியும்.

ஏரிச்சாலையில் கார் எதற்கு?

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் இ-பாஸ் நடைமுறை வந்தது. 2025 கோடையில் கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வாகனங்கள், வார இறுதியில் 6,000 என்று வரம்பு வைத்தார்கள். எல்லையில் எண்ணி விடுவது நல்ல தொடக்கம். ஆனால் உள்ளே வந்த காரும் வேனும் என்ன செய்கின்றன என்ற கேள்விக்கு இன்னும் விடை இல்லை. ஒவ்வொன்றும் எல்லா இடத்துக்கும் போகிறது, எல்லா இடத்திலும் நிற்கிறது.

ஏரியைச் சுற்றிய ஐந்து கிலோமீட்டரில் காலை பத்து மணி வரையாவது மோட்டார் வாகனங்களை நிறுத்திவிடலாம். குடியிருப்போருக்கும் அவசர வண்டிக்கும் விலக்கு இருக்கட்டும். சைக்கிள் வாடகைக்காரர்களுக்கு வருமானம் கூடும், நடக்க வருகிற முதியவர்கள் நிம்மதியாக நடப்பார்கள், குழந்தைகள் அங்கேயே சைக்கிள் கற்றுக்கொள்வார்கள். கோக்கர்ஸ் வாக்கைப் பாருங்கள். 1872-ல் கோக்கர் என்ற ராணுவ அதிகாரி மலை விளிம்பில் போட்ட ஒரு கிலோமீட்டர் நடைபாதை. அதில் வண்டி நுழைய இடமே இல்லாததால்தான் இன்றுவரை மனிதர்கள் அங்கே நின்று பள்ளத்தாக்கைப் பார்க்க முடிகிறது. நகருக்குள் ஓரிடத்தில் வாகனங்களை நிறுத்திவிட்டு, தூண் பாறைக்கும் வட்டக்கானலுக்கும் சிற்றுந்துகள் ஓடினால், நடுச்சாலையில் இரண்டு மணி நேரம் சிக்கிக் கிடக்கும் அதே குடும்பம் பாம்பார் சோலைக்குள் அரை மணி நேரம் நடந்துவிட்டு வரும்.

குறிஞ்சி இந்த மலையில் 2006-லும் 2018-லும் பூத்தது. அடுத்து 2030-ல் பூக்க வேண்டும், அது புல்வெளிச் சரிவில் பூக்கும் செடி. அந்த ஆண்டு கொடைக்கானல் காணப்போகும் கூட்டத்துக்கு இப்போதே நடைபாதையும் சிற்றுந்தும் மூடிய ஏரிச்சாலையும் தயார் செய்ய நகராட்சிக்கும் வனத்துறைக்கும் நேரம் இருக்கிறது.